வழிதவறிய அம்பும் நீச்சல் ஆசிரியரும்: பிள்ளைகளை வெளியே அனுப்புவது பற்றி முன்னோர் எழுதி வைத்தவை





சென்ற கோடை விடுமுறைக்கு முன்பு, அஸருக்குப் பின் ஒரு தாய் நம் மத்ரஸா வாசலுக்கு வந்தார். கையில் ஒரு தாள் இருந்தது. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகனைப் பள்ளிக்கூடத்தில் மலையேற்ற முகாம் ஒன்றிற்குத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். தந்தை வெளிநாட்டில் பணிபுரிகிறார். பெற்றோர் கையொப்பமிட வேண்டிய அந்தத் தாளின் இறுதியில், எது நேர்ந்தாலும் ஏற்பாட்டாளர்கள் பொறுப்பாக மாட்டார்கள் என்று அச்சிடப்பட்டிருந்தது.

"ஹஜ்ரத், இதில் கையெழுத்துப் போடலாமா? அனுப்ப மனசு வரவில்லை. அனுப்பாமல் இருந்தால் பிள்ளை முகம் வாடிப்போகுது. நீங்கள் சொல்வதைச் செய்கிறேன்" என்றார்.

நாம் உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் அவகாசம் கேட்டோம். அந்தக் கேள்வி நம்மிடம் முன்னமே இருந்த ஒரு காயத்தைத் தொட்டதே அதற்குக் காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், நம்மிடம் ஓதிக்கொண்டிருந்த சிறுவர் ஐவர், தங்களுக்கு நீச்சல் கற்றுத் தரும்படி நம்மிடம் கேட்டனர். நாம் சீர்காழிப் பகுதியிலேயே பிறந்து, வாய்க்காலிலும் குளத்திலும் நீந்தி வளர்ந்தவர். ஆயினும் பொறுப்பை ஏற்க அஞ்சினோம். "ஆற்றில் உங்களுக்கு என்ன வேலை? பாடத்தைப் பாருங்கள்" என்று அனுப்பிவிட்டோம். அடுத்த ஆண்டு, மேட்டூர்த் தண்ணீர் வந்து கொள்ளிடம் ஓடிய நாளொன்றில், அவர்களுள் ஒருவன் நண்பர்களோடு தானே சென்றான். மணல் அள்ளிய பள்ளம் ஒன்று தண்ணீருக்கடியில் இருந்தது. உடனிருந்த எவருக்கும் நீந்தத் தெரியவில்லை. மறுநாள் ஜனாஸாத் தொழுகையை நாமே நடத்தினோம். அடுத்து வந்த ஜும்ஆவில், பிள்ளைகள் எவரும் ஆற்றுப் பக்கம் செல்லலாகாது என்ற மஹல்லாவின் அறிவிப்பையும் நாமே வாசித்தோம். எல்லோரும் 'கத்ர்' என்றார்கள். நாமும் அவ்வாறே சொன்னோம். சொன்னது பொய்யன்று. ஆயினும் அந்தச் சொல்லுக்குப் பின்னால் நம் அச்சத்தையும் நாம் ஒளித்து வைத்திருந்தோம் என்பதைப் பின்னரே உணர்ந்தோம்.

ஆகவே, அந்தத் தாயின் கேள்விக்கு விடை தேடி நூல்களைத் திறந்தோம். கண்டவற்றை இங்கே உங்கள் முன் வைக்கிறோம்.

மதீனாவிலிருந்து ஷாமுக்கு ஒரு கடிதம்

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் பிள்ளைகளுக்கு நீச்சலும் அம்பெய்தலும் கற்பிக்கச் சொன்னார்கள் என்பது நம் மேடைகளில் அடிக்கடி கூறப்படும் செய்தி. அதைச் சொல்லும் பலர் அந்த அறிவிப்பின் பிற்பகுதியைச் சொல்வதில்லை. இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களின் முஸ்னதில் அது முழுமையாக உள்ளது.

ஷாம் தேசத்தில் பொறுப்பிலிருந்த அபூஉபைதா இப்னுல் ஜர்ராஹ் (ரலி) அவர்களுக்கு உமர் (ரலி) அவர்கள் கடிதம் எழுதினார்கள். சிறுவர்களுக்கு நீச்சலையும் போர்வீரர்களுக்கு அம்பெய்தலையும் கற்பிக்குமாறு அதில் பணித்திருந்தார்கள். அதன்படி மக்கள் இலக்குகளை நட்டு அம்பெய்து பழகினர். அப்போது எங்கிருந்தோ வந்த அம்பு ஒன்று ஒரு சிறுவன்மீது பாய்ந்து அவனைக் கொன்றுவிட்டது. அவனுக்குத் தந்தை வழி உறவு எவரும் அறியப்படவில்லை. தாய்மாமனின் பராமரிப்பில் இருந்தவன் அவன். அவனுக்குரிய இழப்பீட்டுத் தொகையை யாரிடம் ஒப்படைப்பது என்று கேட்டு அபூஉபைதா (ரலி) அவர்கள் மதீனாவுக்கு எழுதினார்கள். வாரிசு இல்லாதவருக்குத் தாய்மாமனே வாரிசு என்ற கருத்தில் அமைந்த நபிமொழியைச் சுட்டிக்காட்டி உமர் (ரலி) அவர்கள் பதில் எழுதினார்கள்.

இந்நிகழ்வைச் சற்று நிதானித்துப் பார்ப்போம். பயிற்சி தொடங்கியது, பயிற்சிக் களத்தில் ஒரு பிள்ளை இறந்தான். அந்தக் கடிதப் போக்குவரத்தில் நமக்குக் கிடைப்பது எது? இனிப் பயிற்சி வேண்டாம் என்ற சொல் அந்த அறிவிப்பில் இல்லை. விதி என்று சொல்லிக் கோப்பை மூடிவிட்டதாகவும் அதில் இல்லை. ஆதரவற்ற ஒரு சிறுவனின் உயிருக்குரிய பொறுப்பு யாரிடம் சென்று சேர வேண்டும் என்ற கேள்வியே பல நாள் வழித்தூரம் கடந்து மதீனாவுக்குப் போய், விடையோடு திரும்பி வந்தது. ஆபத்து உள்ள கல்வியை ஏற்றுக்கொள்ளும் சமூகம், அதன் இழப்புக்கும் பதில் சொல்லும் சமூகமாக இருக்க வேண்டும் என்பதே இதிலிருந்து நாம் பெறும் முதற் பாடம்.

அதே இருவர், இன்னொரு கேள்வி

உமர் (ரலி), அபூஉபைதா (ரலி) ஆகிய இவ்விருவருக்கும் இடையே நடந்த இன்னோர் உரையாடலும் வரலாற்றில் புகழ்பெற்றது. உமர் (ரலி) அவர்கள் ஷாமுக்குப் பயணம் செய்து 'ஸர்ஃக்' என்ற இடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதாகச் செய்தி வந்தது. கலந்தாலோசித்துவிட்டு அவர்கள் திரும்ப முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூஉபைதா (ரலி) கேட்டார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியை நோக்கியே செல்கிறோம் என்ற பொருள்பட உமர் (ரலி) விடையளித்தார்கள். பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் பசுமையாகவும் மறுபக்கம் வறண்டும் இருந்தால், ஒட்டகத்தை எந்தப் பக்கம் மேய்த்தாலும் அது விதிப்படியே நடக்கும் என்று உவமையும் சொன்னார்கள். பின்னர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து, கொள்ளைநோய் உள்ள ஊருக்குச் செல்லவும் வேண்டாம், அவ்வூரில் இருப்பவர் அதற்கு அஞ்சி வெளியேறவும் வேண்டாம் என்ற கருத்திலான நபிமொழியை அறிவித்தபோது, உமர் (ரலி) அவர்கள் அல்லாஹ்வைப் புகழ்ந்தார்கள்.

அபூஉபைதா (ரலி) அவர்கள் தம் மக்களோடு ஷாமிலேயே தங்கி, ஹிஜ்ரி 18-இல் அம்வாஸ் கொள்ளைநோயில் இறையடி சேர்ந்தார்கள். திரும்பிச் சென்றவரைக் கோழை என்றும் தங்கியவரை அறியாதவர் என்றும் நம் வரலாறு எழுதவில்லை. ஒருவர் தம் படையை ஆபத்துக்குள் அழைத்துச் செல்லும் பொறுப்பிலிருந்தார். மற்றவர் ஏற்கெனவே ஆபத்துக்குள் இருந்த மக்களின் பொறுப்பிலிருந்தார். எந்த ஆபத்து, யாருடைய ஆபத்து, அதை ஏற்பவர் யார் என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் நம் முன்னோரிடம் இருந்தது.

பாலைவனம், ஆட்டு மந்தை, கிணறு

நபி (ஸல்) அவர்களின் இளமையைப் பாருங்கள். பிறந்த சில காலத்திலேயே ஹலீமா ஸஅதிய்யா அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டு, பனூ ஸஅத் குலத்தாரின் திறந்த வெளியில் வளர்ந்தார்கள். மக்காவின் குறைஷியர் தம் குழந்தைகளை உடல்வலிமைக்காகவும் தூய அரபு மொழிக்காகவும் பாலைக்கு அனுப்பும் வழக்கமுடையவர். ஒரு தாய்க்கு அது எளிய பிரிவாக இருந்திராது. பின்னர் மக்காவாசிகளின் ஆடுகளை மேய்த்ததாக நபி (ஸல்) அவர்களே கூறியது ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. இரவும் வெயிலும் ஓநாயும் உள்ள வெளியில் மந்தையைக் காப்பதே மேய்ப்பனின் வேலை.

ஆறு வயதில் அன்னை ஆமினா அவர்களோடு யத்ரிப் சென்றிருந்தபோது, பனூ அதீ இப்னு நஜ்ஜார் குலத்தாரின் நீர்நிலையில் நீந்தப் பழகியதை, ஹிஜ்ரத்துக்குப் பின் அவ்விடத்தைக் கண்டு நபி (ஸல்) அவர்கள் நினைவுகூர்ந்ததாக இப்னு ஸஅத் (ரஹ்) தம் 'தபகாத்'தில் பதிவு செய்துள்ளார். தந்தையில்லாத ஒரே மகனை நீரில் இறங்க விட்ட தாயின் நெஞ்சம் எப்படி இருந்திருக்கும் என்று நாம் எண்ணிப் பார்க்கலாம்.

ஆயினும் ஆர்வம் ஒன்றே போதும் என்று நபி (ஸல்) அவர்கள் பிள்ளைகளை விட்டுவிடவில்லை. ஹிஜ்ரி 3-இல் உஹதுப் போருக்குப் புறப்பட்டபோது, 14 வயதான அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். அகழ்ப்போரின்போது அவருக்கு வயது 15; அப்போது அனுமதித்தார்கள். உஹதில் ராஃபிஃ இப்னு கதீஜ் (ரலி) முதலில் மறுக்கப்பட்டு, அவர் அம்பெய்வதில் தேர்ந்தவர் என்று எடுத்துரைக்கப்பட்ட பின் சேர்க்கப்பட்டார். ராஃபிஃயை மற்போரில் வீழ்த்தக்கூடியவர் என்று ஸமுரா இப்னு ஜுன்துப் (ரலி) பற்றிச் சொல்லப்பட்டபோது அவருக்கும் அனுமதி கிடைத்தது என்று ஸீரா நூல்கள் கூறுகின்றன. வயது பார்க்கப்பட்டது. திறன் பார்க்கப்பட்டது. ஒரே வயதினர் அனைவரும் ஒரே தகுதியினர் என்று கொள்ளப்படவில்லை.

வீண் துணிச்சலை மார்க்கம் தனியே பிரித்துக் காட்டுகிறது. தடுப்புச் சுவர் இல்லாத மொட்டைமாடியில் உறங்குபவரும், கடல் கொந்தளிக்கும் வேளையில் அதில் பயணம் செய்பவரும் பாதுகாப்புப் பொறுப்பிலிருந்து நீங்கிவிட்டவர் என்ற பொருளில் நபிமொழி அறிவிப்புகள் உள்ளன. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்க வேண்டும் என்ற கருத்திலான நபிமொழி நம் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். கடற்பயணமே கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. காலம் பார்த்துச் செல்லும் கடல் வேறு, கொந்தளிக்கும் கடல் வேறு.

மின்ஹாஜில் ஒரு வரி

இப்போது நம்மை மிகவும் சிந்திக்க வைத்த இடத்துக்கு வருகிறோம். ஷாம் தேசத்து நவா என்னும் ஊரில் பிறந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், ஹிஜ்ரி 676-இல், அதாவது கி.பி. 1277-இல் மறைந்தார்கள். அவர்களுடைய 'மின்ஹாஜுத் தாலிபீன்' ஷாஃபிஈ மத்ஹபின் முதன்மை நூல்களுள் ஒன்று. அதன் இழப்பீட்டு அத்தியாயத்தில் ஒரு சிறிய சட்டம் உண்டு. நீச்சல் கற்றுத் தருவதற்காக ஒரு சிறுவன் நீச்சல் ஆசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டு, அவன் மூழ்கி இறந்தால் அவனுக்குரிய 'தியத்' கட்டாயமாகும் என்பதே அது. அச்சிறுவனைக் காக்க வேண்டியவரின் கவனக்குறைவாக அது கொள்ளப்படும் என்று விரிவுரையாளர்கள் காரணம் கூறுகிறார்கள். வயது வந்தவர் தாமே சென்று கற்கும்போது மூழ்கினால் சட்டம் அவ்வாறன்று. தம்மைக் காத்துக்கொள்ளும் பொறுப்பு அவருக்கே உண்டு.

ஏறத்தாழ 750 ஆண்டுகளுக்கு முன்பே, பிள்ளைக்கு நீச்சல் கற்பிக்கும் தொழில் இருந்திருக்கிறது. பெற்றோர் ஒப்படைத்திருக்கிறார்கள். விபத்தும் நேர்ந்திருக்கிறது. ஃபிக்ஹு அறிஞர்கள் அந்த ஒப்படைப்பைத் தடை செய்யவில்லை. ஆனால், பெற்றோர் சம்மதித்தார்கள் என்பதனால் ஆசிரியரின் பொறுப்பு நீங்கிவிடும் என்றும் எழுதவில்லை. குழந்தை தன் ஆபத்தைத் தானே ஏற்க இயலாதவன். அவன் சார்பாக ஏற்பவர், காப்பதற்கும் கடமைப்பட்டவர். மருத்துவ அறிவு அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால் அவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கருத்திலான நபிமொழியும் இதே திசையையே காட்டுகிறது. மற்ற மத்ஹபுகளில் இதன் விவரம் வேறுபடலாம். அந்தந்த மத்ஹபினர் தம் ஆலிம்களிடம் கேட்டறிவது நலம்.

அந்தத் தாயின் கையிலிருந்த தாளின் கடைசி வரியை மின்ஹாஜின் இந்த வரியோடு வைத்துப் பார்த்தோம். ஆபத்தை ஏற்றுக்கொள்வது ஒன்று. ஆபத்தைப் பிறர் தலையில் இறக்கி வைப்பது மற்றொன்று.

கப்பல் நிறுவனம் ஒன்றின் கவலை

இக்காலத்தில் 'சாகசக் கல்வி' என்று பேசப்படுவதன் தொடக்கமும் கடலில்தான் இருக்கிறது. குர்ட் ஹான் என்பவர் 1886-இல் பெர்லினில் யூதக் குடும்பத்தில் பிறந்த ஆசிரியர். ஹிட்லரை எதிர்த்ததனால் 1933-இல் சிறைப்பட்டு, விடுதலைக்குப் பின் பிரிட்டனில் குடியேறினார். இரண்டாம் உலகப்போரில், தாக்கப்பட்ட கப்பல்களிலிருந்து உயிர்காப்புப் படகுகளில் தப்பியவர்களுள் இளைய மாலுமிகள் எளிதில் மனம் தளர்ந்து இறப்பதையும், வயது முதிர்ந்த அனுபவசாலிகள் தாக்குப்பிடிப்பதையும் கண்டு லாரன்ஸ் ஹோல்ட் என்ற கப்பல் உரிமையாளர் கவலை கொண்டார். அவருடைய 'புளூ ஃபனல்' நிறுவனம் மலாயாப் பகுதியிலிருந்து ஜித்தாவுக்கு ஹாஜிகளை ஏற்றிச் சென்றதாகும். இருவரும் சேர்ந்து 1941-இல் வேல்ஸ் நாட்டின் அபர்டோவி கடற்கரையில் 'அவுட்வர்ட் பவுண்ட்' என்ற பள்ளியைத் தொடங்கினர். துறைமுகத்தை விட்டு வெளிக்கடல் நோக்கிப் புறப்படும் கப்பலைக் குறிக்கும் சொல் அது.

அவர்களுடைய எண்ணம் எளியது. உண்மையான ஆபத்து வரும் நாளில் உயிர் பிழைக்கும் மனத்திடம் வேண்டுமானால், அதற்கு முன்னரே அளவான ஆபத்தைப் பிள்ளை சந்தித்திருக்க வேண்டும். இந்தியாவில், டென்சிங் நார்கே எவரெஸ்டை எட்டிய மறு ஆண்டான 1954-இல் டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. சிங்கப்பூரில் 1967-இல் அவுட்வர்ட் பவுண்ட் பயிற்சிப் பள்ளி வந்தது.

இவ்வழியில் துயரங்களும் உண்டு. 1993 மார்ச்சில் இங்கிலாந்தின் லைம் வளைகுடாவில் சிறு படகுப் பயிற்சிக்குச் சென்ற பள்ளி மாணவர் நால்வர் இறந்தனர். அம்மையத்தின் பாதுகாப்புக் குறைகளைப் பற்றி அங்கே முன்பு பணியாற்றிய பயிற்றுநர்கள் எழுத்து மூலம் எச்சரித்திருந்தது பின்னர் வெளிவந்தது. நீதிமன்றம் அந்நிறுவனத்தையே குற்றவாளி எனத் தீர்த்தது. 1995-இல் சாகச மையங்களுக்கு உரிமம் கட்டாயமாகும் வகையில் சட்டம் இயற்றப்பட்டது.

நம் மாநிலத்தில், 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேற்றம் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கினர். 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காய்ந்த புல் நிறைந்த கோடைத் தொடக்கம் அது. அதன் பின் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்த அரசு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில், வழித்தடங்களைக் கடினத்தின் அளவுப்படி பிரித்து, வனத்துறை வழியாக 40 பாதைகள் திறக்கப்பட்டன.

2015 ஜூன் 5 அன்று மலேசியாவின் சபா மாநிலத்திலுள்ள கினபாலு மலையில் நிலநடுக்கம் ஏற்பட்டது. பயிற்சிக்காகச் சென்றிருந்த சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளி ஒன்றின் மாணவர் எழுவரும், ஆசிரியர் இருவரும், வழிகாட்டி ஒருவரும் இறந்தனர். அந்நாடு துக்கம் அனுசரித்தது. பயணங்களை நிறுத்தி மறு ஆய்வு செய்தது. ஆயினும் மறு ஆண்டே, உயர்நிலை மூன்றாம் ஆண்டு மாணவர் அனைவருக்கும் ஐந்து நாள் வெளிப்பயிற்சி அளிக்கும் தேசியத் திட்டத்தை அறிவித்தது.

லைம் வளைகுடாவில் எச்சரிக்கை கண்ணுக்கு முன் இருந்தது. கினபாலுவில் பூமி அதிர்ந்த நொடியை எவரும் முன்னறிந்திருக்க இயலாது. முன்னதை நாம் 'கத்ர்' என்று மட்டும் சொல்லி நகர்ந்தால் அது தவறு. பின்னதைக் காட்டி எல்லாப் பிள்ளைகளையும் வீட்டிலடைத்தால் அதுவும் தவறு. நம் மாணவனின் மரணம் இவ்விரண்டில் எதைச் சேர்ந்தது என்று நாம் பல இரவுகள் எண்ணியிருக்கிறோம். மணற்பள்ளம் இருப்பது ஊருக்குத் தெரியும். அவனுக்கு நீந்தத் தெரியாது என்பது நமக்குத் தெரியும்.

நீர் நம் வாசலுக்கே வருகிறது

ஆபத்தைத் தவிர்த்துவிட்டோம் என்று டெல்டாவில் எவரும் சொல்ல இயலாது. நம் கடலோர மரக்காயர் முன்னோர் மரக்கலம் ஓட்டியவர்கள். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 1926 முதல் 1970-களின் தொடக்கம் வரை 'ரஜூலா' கப்பல் சென்று வந்ததை நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள். அந்தக் கடலோடிகளின் பேரப்பிள்ளைகள் பலர் இன்று இடுப்பளவு நீரிலும் தடுமாறுகிறார்கள்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை, சீர்காழி அன்று சேர்ந்திருந்த நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுசென்றது. அண்டை மாவட்டமான கடலூரில் சில கிராமங்களில் ஆண்களைவிடப் பெண்களே அதிகமாக இறந்தனர். நீந்தவோ மரமேறவோ பழகாதது அதற்கொரு காரணமாகச் சொல்லப்பட்டது. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை பெய்து, வயலும் தெருவும் ஒன்றாயின. ஆற்றுக்குப் போகாதே என்று நாம் பிள்ளையிடம் சொல்லலாம். வீட்டுக்கு வராதே என்று ஆற்றிடம் சொல்ல இயலாது.

2021-இல் உலகெங்கும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு நீச்சலையும் பாதுகாப்பாக மீட்கும் முறையையும் கற்பிக்க வேண்டும் என்றும் அது பரிந்துரைக்கிறது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஆற்றுப்படுகை நாடான வங்கதேசத்தில், கிராமத்துக் குளங்களில் மூங்கில் மேடை அமைத்து 4 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பித்தனர். பயிற்சி பெற்ற பிள்ளைகளிடையே மூழ்கி இறப்பது 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்ததாக 2012-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. விலையுயர்ந்த நீச்சல் குளம் எதுவும் அங்கே கட்டப்படவில்லை. குளம், மூங்கில், பயிற்சி பெற்ற ஓர் ஆள், இவ்வளவே.

நாம் சொன்ன விடை

இரண்டு நாட்களுக்குப் பின் அந்தத் தாயிடம், கையொப்பமிடும் முன் முகாம் நடத்துவோரிடம் சில கேள்விகளைக் கேட்கச் சொன்னோம். வழிநடத்துபவர் என்ன பயிற்சி பெற்றவர்? எத்தனை பிள்ளைகளுக்கு ஒருவர்? வனத்துறை அனுமதி உண்டா? மழையோ தீயோ வந்தால் திரும்பும் முடிவை எடுப்பவர் யார்? அருகில் மருத்துவமனை எவ்வளவு தொலைவு? தொழுகைக்கும் ஹலாலான உணவுக்கும் ஏற்பாடு என்ன? இவற்றுக்கு நேரான விடை கிடைத்தால் அனுப்புங்கள், மழுப்பினால் அனுப்பாதீர்கள். கையொப்பம் இடுவதனால் அவர்களுடைய பொறுப்பு நீங்காது என்பதையும் பணிவாகச் சொல்லுங்கள் என்றோம். அவர் கேட்டார். முறையான விடைகள் வந்தன. பிள்ளை சென்று, வெயிலில் கறுத்து, தோளில் சிராய்ப்போடு திரும்பி வந்தான், அல்ஹம்துலில்லாஹ். திரும்பி வந்ததனால் நம் முடிவு சரி என்று நாம் வாதிடவில்லை. அவன் கால் ஒடிந்து வந்திருந்தாலும் அக்கேள்விகள் சரியானவையே.

அதன் பின் நம் மஹல்லா நிர்வாகிகளிடம் ஒரு விண்ணப்பம் வைத்தோம். நீரோட்டமில்லாத, ஆழம் அளந்த, படித்துறையுள்ள குளத்தில் விடுமுறைக் காலத்தில் நீச்சல் கற்பிக்க வேண்டும். முறையாகப் பயின்ற ஆசிரியர் வேண்டும். ஒருவர் பார்வையில் சில பிள்ளைகளே இறங்க வேண்டும். கரையில் கயிறும் காற்றடைத்த டியூபும் முதலுதவி தெரிந்த ஒருவரும் இருக்க வேண்டும். பெண்பிள்ளைகளுக்குத் தனி நேரமும் பெண் ஆசிரியரும் மறைவும் வேண்டும். மூழ்குபவரைக் கண்டால் தானும் குதிக்காமல் கயிறோ கழியோ நீட்டக் கற்றுத் தர வேண்டும். நீண்ட விவாதம் நடந்தது. "ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது?" என்று ஒரு பெரியவர் கேட்டார். அது நியாயமான கேள்வி. அதே கேள்வியைத்தான் அபூஉபைதா (ரலி) அவர்களும் எழுதிக் கேட்டார்கள். "நாம் பதில் சொல்வோம்" என்றோம். அவர் சற்று நேரம் மௌனமாக இருந்து, பின்பு தலையசைத்தார்.

சம்மதப் படிவத்தை எழுதும் பொறுப்பு நம்மிடமே வந்தது. எங்கும் வழக்கமாக உள்ள மாதிரியைப் பார்த்து முதலில் எழுதியதில், எது நேர்ந்தாலும் மத்ரஸா பொறுப்பாகாது என்ற வரி நம் கையாலேயே விழுந்திருந்தது. மின்ஹாஜை நினைத்து அதை அடித்துவிட்டோம். அந்த இடத்தில், பிள்ளைகளைக் காக்க நாம் செய்யவிருப்பவற்றை ஒவ்வொன்றாக எழுதினோம். கீழே பெற்றோர் கையொப்பத்துக்கு ஓர் இடமும் நம் கையொப்பத்துக்கு ஓர் இடமும் விட்டோம்.

பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் தந்த அமானிதம். அமானிதத்தைப் பெட்டியில் பூட்டி வைப்பதும் உண்டு. பயிரைப் போல் வெயிலிலும் நீரிலும் நிறுத்திக் காவல் காப்பதும் உண்டு. நெல் விளையும் மண்ணில் வாழும் நமக்கு இரண்டாவது முறை தெரியாததன்று.

நம்மை விட்டுச் சென்ற அந்தச் சிறுவனை அல்லாஹ் தன் அருளில் வைப்பானாக. அவனுடைய பெற்றோருக்கு அழகிய பொறுமையை வழங்குவானாக. நம் அச்சத்தால் நாம் செய்யத் தவறியதை மன்னிப்பானாக. நம் பிள்ளைகளை உடல் வலிமையும் உறுதியான ஈமானும் உடையோராக ஆக்கி, நீரிலும் நிலத்திலும் காத்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.